ஆட்டுக்கு முன்னால் ஒரு சொல்

தம்புலாசியின் ஆடு வெள்ளிக்கிழமை காலையில் காணாமல் போனது. அன்று சாயங்காலமே அது தானாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் ஜைலோசியின் மகன் மசாவுகோவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது.

பிடித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நசோம்பே சந்தையில் மசாவுகோ கையில் ஒரு கயிற்றோடு நின்றிருந்தான். சைக்கிளில் கரிமூட்டை கட்டுகிற கயிறு அது. கயிறு இருக்கிறது, ஆட்டைக் காணோம். மீதியைக் கான்ஸ்டபிள் சொந்தமாக யோசித்துக்கொண்டார்.

ஆடு திரும்பியதும் தம்புலாசியே ஸ்டேஷனுக்குப் போனார். ஜைலோசியும் கூடப் போனார். இருவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஜைலோசிக்குச் சைக்கிள் பழுதுபார்க்கிற வேலை. மனைவி செத்துப்போய்விட்டாள். மசாவுகோ ஒருவன்தான் பிள்ளை.

"ஆடு வந்திடுச்சு சார். பையனை விட்டுடுங்க," என்றார் தம்புலாசி.

"விட்டுடலாம்தான். ஆனா வாக்குமூலத்தை எழுதிட்டேனே," என்றார் கான்ஸ்டபிள்.

"கிழிச்சுப் போடுங்க."

"கிழிக்கலாம். அதுல ஒரு குறை வந்திடுச்சு. குறையுள்ள காகிதத்தைக் கிழிக்கக் கூடாதுன்னு உத்தரவு." அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்கிலீஷ்ல எழுதறப்ப, ஆடுங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சொல் விட்டுப்போச்சு."

"எந்தச் சொல்லு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் விடப்போறேன்?"

"இப்ப ஏதாவது ஒண்ணு எழுதிடுங்களேன் சார்," என்று கெஞ்சினார் ஜைலோசி.

"தப்பா எழுதினா என் வேலை போயிடும் பம்போ. எழுதாம விட்டா உங்க பையன் உள்ள இருப்பான், அவ்வளவுதானே. நீங்களே நியாயம் சொல்லுங்க." வயதில் பெரியவரைப் பம்போ, அதாவது ஐயா, என்பது அந்த ஊர் வழக்கம்.

காகிதம் சோம்பா நகரத்தில் இருக்கும் தேசிய ஆர்ட்டிகிள் ஆணையத்துக்குப் போனது. மசாவுகோ நசோம்பே சிறைக்குப் போனான். காகிதம் திரும்பும்வரை காகிதத்தோடு சம்பந்தப்பட்ட ஆள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அந்தச் சட்டம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு மந்திரி வெளிநாட்டில் பேசப் போனார். நாட்டின் கடனைப் பற்றியும் பட்டினியைப் பற்றியும் பேசினார். பேச்சில் ஓர் இடத்தில் "தி" என்று சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். மூன்றாம் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மந்திரி ஊர் திரும்பியதும் முதல் வேலையாக ஆணையத்தை அமைத்தார். கடனும் பட்டினியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டன.

ஜைலோசியின் பாஷையில் ஆடு என்றால் ஆடுதான். அதற்கு முன்னால் ஒன்றும் வராது. ஆங்கிலத்தில் அப்படி இல்லை, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆர்ட்டிகிள் வரும். ஏதோ ஓர் ஆடு என்றால் முன்னால் "ஏ" என்று ஒரு சொல். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்த ஆடு என்றால் "தி" என்று வேறு சொல். சில இடங்களில் எதுவுமே போடக் கூடாது, போட்டால் தப்பு. ஆங்கிலேயர்கள் இதை யோசிக்காமலே செய்கிறார்கள். அதுதான் அவர்களுடைய குறை என்பது ஆணையத்தின் கருத்து.

ஜைலோசி கடையைச் சாத்திவிட்டுச் சோம்பாவுக்கு மினிபஸ் ஏறினார்.

ஆணையத்தின் வாசலில் காவலாளி நிறுத்தினான்.

"யாரு நீங்க?"

"மசாவுகோவோட அப்பா."

"இங்கிலீஷ்ல சொல்லணும்."

"ஃபாதர்."

"முன்னாடி என்ன?"

"முன்னாடியும் இதே சைக்கிள் ரிப்பேர்தான்."

காவலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். "எனக்கும் தெரியாது பம்போ. நாலு பேரைத் திருப்பி அனுப்பினா அஞ்சாவது ஆளை உள்ள விடணும். அவ்வளவுதான் எனக்குச் சொல்லியிருக்காங்க. நீங்க நாலாவது."

"அப்ப நான் போகணுமா?"

"ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வாங்க. அப்ப நீங்க அஞ்சாவது."

ஜைலோசி ரோடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். காவலாளி விறைப்பாக வணக்கம் வைத்து உள்ளே விட்டான்.

ஆணையத்தில் மூன்று துறைகள். தெரியாத பொருள்களுக்கு ஒன்று, தெரிந்த பொருள்களுக்கு ஒன்று. மூன்றாவது, முன்னால் எதுவும் போடக் கூடாத சொற்களுக்கான வெற்றுத் துறை. மூன்றில் வெற்றுத் துறையில்தான் ஆட்கள் அதிகம். இருப்பதை இருக்கிறது என்று சொல்ல ஒருவர் போதும். இல்லாததை இல்லை என்று உறுதிசெய்ய நிறையப் பேர் வேண்டியிருந்தது.

ஜைலோசி முதலில் தெரியாத பொருள் துறைக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆட்டை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். பக்கத்து வீட்டு ஆடு. என் தோட்டத்துப் பூசணிக் கொடியையே அதுதான் தின்னுச்சு."

"ஏன் அவசரப்பட்டுத் தெரியும்னு சொன்னீங்க? தெரிஞ்ச ஆட்டை நாங்க தொடவே முடியாது." அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடுத்த தடவை எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிப் பழகுங்க. நான் அப்படித்தான் இந்தப் பதவிக்கு வந்தேன்."

தெரிந்த பொருள் துறையில் இயக்குநர் இல்லை. பயிலரங்குக்குப் போயிருந்தார். எழுத்தர் மட்டும் இருந்தார்.

"ஆடு உங்களுக்குத் தெரிஞ்சா ஆச்சா? அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டாமா? கூட்டிக்கிட்டு வாங்க."

"ஆட்டையா?"

"பின்ன, ஆட்டோட போட்டோவையா? நேர்ல பார்த்தாத்தான் எங்களுக்குத் தெரிஞ்ச ஆடு."

தம்புலாசி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடு சினையாக இருந்தது.

"மினிபஸ்ல ஏத்தினா குலுங்கும்டா ஜைலோசி. வயித்துல ரெண்டு இருக்குன்னு நெனைக்கிறேன்."

"மடியில வெச்சுக்கிட்டுப் போறேன். பொழுது சாயறதுக்குள்ள உன் வாசல்ல கட்டிடுவேன். சத்தியமா."

"எதுக்கு இதெல்லாம் செய்யறேன் தெரியுமா? உன் பையன் என் ஆட்டைத் திருடல. அதுக்காக."

ஆட்டை ஆணையத்தின் கொடிக்கம்பத்தில் கட்டச் சொன்னார்கள். தெரிந்த பொருள் துறை எழுத்தர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தான் பார்த்தது செல்லாது, இயக்குநர் வந்து பார்க்க வேண்டும் என்றார். இயக்குநர் அடுத்த வாரம் வருவார். இல்லாவிட்டால் அதற்கடுத்த வாரம். ஆடு கொடிக்கம்பத்தைச் சுற்றி வளர்த்திருந்த பூச்செடிகளைத் தின்றுகொண்டிருந்தது.

அப்போது வெற்றுத் துறையின் இயக்குநர் திருமதி நசிபேகோ படியிறங்கி வந்தார். அந்தக் கட்டடத்தில் ஜைலோசியை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். உட்கார நாற்காலி இல்லை. ஆனாலும் சொன்னார்.

"எல்லாத்தையும் கேள்விப்பட்டேன் பம்போ. இவங்களை நம்பினா உங்க பையனுக்கு உள்ளேயே தாடி நரைச்சிடும். நான் ஒரு வழி சொல்லட்டுமா?"

"சொல்லுங்க மாயி," என்றார் ஜைலோசி. மாயி என்றால் அம்மா.

"ஆடு உயிரோட இருக்கற வரைக்கும் இதுவா அதுவா, தெரிஞ்சதா தெரியாததான்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. கறியாயிட்டா கேள்வியே இல்ல. கறிக்கு முன்னாடி எதுவும் போட வேண்டியதில்ல, இலக்கணத்துலயே இருக்கு. விஷயம் நேரா என் துறைக்கு வந்திடும். இன்னைக்கே முத்திரை போட்டுக் குடுத்துடுவேன்."

"ஆடு என்னோடது இல்லைங்களே மாயி."

"பையன் உங்களோடவன்தானே?"

ஜைலோசி ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்க்கவில்லை. அது செம்பருத்தி தின்பதில் மும்முரமாக இருந்தது.

வெற்றுத் துறையினரைப் போல் சுறுசுறுப்பாக வேலை செய்கிற யாரையும் ஜைலோசி அந்தக் கட்டடத்தில் அதுவரை பார்த்ததில்லை. ஒருவர் கத்தி கொண்டுவந்தார். ஒருவர் தக்காளி நறுக்கினார். ஒருவர் களி கிண்டுவதற்கு மாவு வாங்க ஓடினார். ஆட்டின் வயிற்றில் குட்டிகள் இருந்தன. தம்புலாசி சொன்னது சரிதான். இரண்டு.

"இதுக்கு முன்னாடி என்ன போடணும் மேடம்?" என்று கேட்டார் ஒருவர், குட்டிகளைக் காட்டி.

"உப்பு," என்றார் திருமதி நசிபேகோ. எல்லோரும் சிரித்தார்கள்.

மணம் பிடித்து மற்ற இரண்டு துறையினரும் தட்டோடு வந்தார்கள். துறைகளுக்கிடையே அப்படியோர் ஒற்றுமை பல காலமாக இருந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஜைலோசிக்கும் ஒரு தட்டுக் கொடுத்தார்கள். அவரால் சாப்பிட முடியவில்லை. அவருடைய தட்டை எழுத்தர் முடித்துக்கொடுத்தார்.

பிறகு திருமதி நசிபேகோ கை கழுவிவிட்டு முத்திரையை எடுத்தார். வெற்றுத் துறையின் முத்திரையில் எதுவும் செதுக்கியிருக்காது. அதை மையில் தொடவும் மாட்டார்கள். காகிதத்தில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். "முடிஞ்சுது. கூட்டிக்கிட்டுப் போங்க உங்க பிள்ளையை."

சிறை அதிகாரி காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "முத்திரை எங்கே?"

"அதுலதான் சார் இருக்கு. என் கண்ணு முன்னாடி குத்தினாங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அது தெரியாதாம் சார். அதுதான் அவங்க முத்திரை."

சிறை அதிகாரி நல்லவர். ஜைலோசி வந்த தூரத்துக்காக மகனைப் பார்க்க மட்டும் விட்டார்.

மசாவுகோ கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். சட்டை அவனைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது.

"என்னப்பா, ஆட்டைக் கூட்டிக்கிட்டு ஊர்வலம் போனீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"இங்க எல்லாம் வந்துடும், சோறு மட்டுந்தான் வராது." அவன் சிரித்தான். "உள்ள ஒரு வாத்தியாரு இருக்காரு. மழை பெய்யுதுன்னு எதுலயோ எழுதி, மழைக்கு முன்னாடி எதையோ போட்டுட்டாராம். அவரு விஷயம் எங்க கிடக்குன்னே தெரியல. எங்க பக்கத்துல ஒரு கொலைகாரன். அவனுக்கு எட்டு வருஷம். வாத்தியாரு அவனைப் பார்த்துப் பொறாமைப்படறாரு. எட்டு என்னைக்காவது ஏழாக் குறையும் இல்லையா."

"நான் எடுத்துடுவேன்டா உன்னை."

"ஆடு எங்கப்பா இப்ப?"

ஜைலோசி கையில் வைத்திருந்த ஆட்டுக் கயிற்றைச் சுருட்டினார். மசாவுகோ திரும்பக் கேட்கவில்லை.

ஊரில் தம்புலாசி திரும்பக் கேட்டார். மூன்று முறை கேட்டார். ஜைலோசி கையில் கயிறு மட்டும் இருந்தது.

"தின்னுட்டாங்களா?"

"முடிச்சுத் தரேன்னு சொன்னாங்க தம்புலாசி."

"நீயும் தின்னியா?"

"இல்ல."

"தின்னிருந்தாக்கூட ஒரு ஆளு வயிறு நெறஞ்சுதுன்னு இருந்திருப்பேன்." தம்புலாசி கயிற்றை வாங்கிக்கொண்டார். "அன்னைக்கு என் ஆடு திருடு போகல. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். இப்பத்தான் போயிருக்கு. இதையும் போய்ச் சொல்லணுமில்ல?"

அவர் போய்விட்டார். ஜைலோசி அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனசெல்லாம் சோம்பாவில் இருந்தது.

அங்கே சண்டை முற்றியிருந்தது. தெரிந்த பொருள் துறை இயக்குநர் பயிலரங்கிலிருந்து திரும்பிவிட்டார். ஆணையம் மொத்தமும் பார்த்து, தொட்டு, தின்ற ஆட்டைவிடத் தெரிந்த ஆடு நாட்டில் வேறு எது என்று கேட்டார். ஆகவே அது தன் துறையைச் சேர்ந்தது, வெற்றுத் துறையின் முத்திரை செல்லாது, ஆட்டை உடனே தன் முன்னால் நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார். தனக்கு ஒரு துண்டுகூட வைக்கவில்லை என்பதை உத்தரவில் குறிப்பிடவில்லை. விஷயம் ஆணையத்தின் முழுக் கூட்டத்துக்குப் போனது. முழுக் கூட்டம் எப்போதும் ஏரிக்கரை விடுதியில்தான் நடக்கும். இலக்கணத்துக்குக் காற்று வேண்டும் என்பது தலைவரின் கொள்கை.

ஜைலோசியைப் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் அழைத்திருந்தார்கள். நாற்காலிகள் ஏற்றிய வண்டியின் பின்னால் அவரையும் ஏற்றினார்கள். எல்லோருக்கும் போலவே அவருக்கும் ஆணையத்தின் பெயர் போட்ட பனியன் கொடுத்தார்கள்.

கூட்டம் ஜெபத்தோடு தொடங்கியது. அந்த நாட்டில் எந்தக் கூட்டமும் அப்படித்தான் தொடங்கும், அப்படித்தான் முடியும். கட்சிக் கூட்டமானாலும் கால்பந்துக் குழுக் கூட்டமானாலும் முதலில் ஒரு ஜெபம், கடைசியில் ஒரு ஜெபம். கடைசி ஜெபத்துக்குப் பிறகு யாரும் நாற்காலியில் உட்கார்ந்து ஜைலோசி பார்த்ததில்லை.

தலைவர் டாக்டர் கபலமூலா எழுந்தார். இங்கிலாந்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்துவிட்டு வந்தவர். அங்கே வாங்கிய கம்பளிக் கோட்டை ஏரிக்கரை வெயிலிலும் கழற்றவில்லை.

"நண்பர்களே! இந்த ஆணையம் என்ன செஞ்சுதுன்னு சில பேர் கேக்கறாங்க. ஆஸ்பத்திரியில மருந்து இல்லைங்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறேன், எந்த மருந்து? ஏதோ ஒரு மருந்தா, தெரிஞ்ச மருந்தா? பதில் இல்ல! மொழியே தெளிவா இல்லாதவனுக்கு எந்த மருந்தைக் குடுக்கறது? ஜனங்க பசிங்கறாங்க. பசிக்கு முன்னாடி எந்தச் சொல்லும் வராது. அது வெற்றுத் துறையில சேரும். அந்தத் துறை பசியை முறையாக் கையாண்டுக்கிட்டு வருது."

கைதட்டல். திருமதி நசிபேகோ எழுந்து குனிந்து நன்றி சொன்னார்.

"சிறையில பல பேர் இருக்காங்க. ஒத்துக்கறேன். ஆனா தப்பான வாக்கியத்தோட வெளிய விடறதைவிட, சரியான வாக்கியத்துக்காக உள்ள வெச்சுக்கறது அவங்களுக்கு நாம தர்ற மரியாதை. வெளிய வந்தா அவங்க என்ன பண்ணப்போறாங்க? பேசுவாங்க. தப்பாப் பேசுவாங்க!"

மறுபடியும் கைதட்டல். ஜைலோசியும் தட்டினார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்திருந்தார்.

மரியாதைக்காக ஓர் ஆங்கிலேயரையும் அழைத்திருந்தார்கள். பெட்டிஃபர் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு ஏரிக்கரையிலேயே வீடு கட்டிக்கொண்ட கிழவர். ஊர்ப் பாஷையில் நன்றாகப் பேசுவார்.

"சொல்லுங்க மிஸ்டர் பெட்டிஃபர், நீங்களா இருந்தா ஆட்டுக்கு முன்னாடி எதைப் போடுவீங்க?" என்று கேட்டார் தலைவர்.

"காதுக்கு எது சரியாப் படுதோ அதைப் போடுவேன்."

"எந்த விதிப்படி?"

"விதி எனக்குத் தெரியாது. அந்தப் பையன் இன்னுமா உள்ள இருக்கான்?"

கூட்டம் சங்கடத்தில் நெளிந்தது. டாக்டர் கபலமூலா பெருந்தன்மையோடு கையை உயர்த்தினார். "இவரைக் கோவிச்சுக்காதீங்க. பாவம், தாய்மொழியாப் போச்சு. முறையாப் படிக்க இவருக்கு வாய்ப்பே கிடைக்கல." எல்லோரும் சிரித்தார்கள். பெட்டிஃபருக்கு ஒரு ஃபேன்டா கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

பிறகு துறைகள் வாதாடின. வெயில் ஏறியது. சமையல்கட்டிலிருந்து சம்போ மீன் வறுபடும் மணம் வர ஆரம்பித்ததும் வாதங்கள் சுருங்கின. தெரிந்த பொருள் துறை இயக்குநர் பாதி வாக்கியத்திலேயே உட்கார்ந்தார். டாக்டர் கபலமூலா மேசையைத் தட்டினார்.

"போதும். ஆடு இப்ப இல்ல. இல்லாத ஆட்டை யாருக்கும் தெரியாது. அதனால 'ஏ' போட்டுடலாம். ஆட்சேபம் உண்டா? இல்ல. பம்போ ஜைலோசி, முன்னாடி வாங்க."

ஜைலோசி பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனார்.

"உங்க விஷயம் முடிஞ்சுது. நாளைக்கே உங்க பையன் வீட்டுக்கு வந்துடலாம். செயலாளர் இப்பத் தீர்மானத்தை எழுதிக்குவாங்க."

ஜைலோசி தரையில் மண்டியிட்டு, அவர்கள் வழக்கப்படி இரண்டு கையையும் குவித்து மெதுவாகத் தட்டினார். தலைவருக்கு நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாயில் வேறு வந்தது.

"ஆண்டவரே! என் பிள்ளையைக் குடுத்துட்டீங்க. நான் ஒண்ணுக்கும் உதவாதவன். அவன் அம்மாவை எடுத்துக்கிட்டீங்க, நான் கேக்கல. இவனைத் திருப்பிக் குடுத்துட்டீங்க. இந்தப் பெரியவங்களை எல்லாம் நல்லா வையுங்க. இவங்க வண்டி பத்திரமாப் போய்ச் சேரணும். உமக்குத்தான் நன்றி, உமக்குத்தான் நன்றி, ஆமென்."

"ஆமென்," என்றது கூட்டம் ஒரே குரலில்.

நாற்காலிகள் நகர்ந்தன. ஜைலோசி கண்ணைத் திறந்தபோது அவரைச் சுற்றி ஷூக்கள் நடந்துகொண்டிருந்தன. எல்லாம் சாப்பாட்டு மேசையை நோக்கிப் போயின. செயலாளர் பெண் பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டீங்களாம்மா?"

"எழுதிட்டேனே. பம்போ ஜைலோசியின் ஜெபத்தோடு கூட்டம் இனிதே முடிந்தது."

"அதுக்கு முன்னாடி? பையன் விஷயம்?"

"அதை எழுத ஆரம்பிச்சேன், நீங்க ஜெபம் பண்ணிட்டீங்க. ஜெபம் நடக்கறப்ப எழுதக் கூடாது, பாவம்." அவள் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. "ஜெபத்துக்கப்புறம் எழுதினா அது கூட்டத்துல சேராது."

ஜைலோசி தட்டு ஏந்தி வரிசையில் நின்ற தலைவரிடம் ஓடினார்.

"ஐயா, தீர்மானத்தை எழுதலையாம்."

"அருமையான ஜெபம் பம்போ! எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வண்டியைக்கூட மறக்கல பாருங்க நீங்க."

"ஐயா, தீர்மானம்."

"கூட்டம் முடிஞ்சுடுச்சே. நீங்கதானே முடிச்சு வெச்சீங்க?"

"நான் நன்றிதான் சொன்னேன்."

"நன்றியை எப்பச் சொல்லுவோம்? கடைசியிலதான்."

"ஒரு நிமிஷம் திரும்ப உட்காருங்கய்யா. ஒரே ஒரு நிமிஷம். காலைப் பிடிச்சுக்கறேன்."

டாக்டர் கபலமூலாவின் முகம் கடுமையானது. "கடவுளைச் சாட்சியா வெச்சு முடிச்சதைத் திறக்கச் சொல்றீங்களா? நான் யாரு அதுக்கு? நீங்க பக்திமான்னு நெனச்சேன்."

"அடுத்த கூட்டம் எப்பய்யா?"

"பட்ஜெட் வரட்டும்."

"இந்த வருஷம் வந்துடுமா?"

"மீனைச் சாப்பிடுங்க பம்போ. ஆறினா முள்ளு தெரியாது."

ஜைலோசி மீனைச் சாப்பிட்டார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஊருக்கு வந்தபோது வீட்டு வாசலில் கான்ஸ்டபிள் காத்திருந்தார். தம்புலாசி புகார் கொடுத்திருந்தார். கான்ஸ்டபிள் மலர்ந்த முகத்தோடு இருந்தார். இடையில் ஆணையம் நடத்திய பயிற்சிக்குப் போய் முதல் மாணவராகத் தேறியிருந்தார்.

"வாசிக்கறேன் கேளுங்க பம்போ," என்று வாக்குமூலத்தை எடுத்தார். ஜைலோசி தம்புலாசியின் சினை ஆட்டை ஏமாற்றிக் கொண்டுபோய் அழித்தார் என்று அதில் இருந்தது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் இருக்க வேண்டியது இருந்தது, இருக்கக் கூடாதது இல்லை. கான்ஸ்டபிள் இரண்டாம் முறையும் வாசித்தார். "எங்கயாவது இடறுதா பாருங்க. இடறாது. உங்க பையன் விஷயத்துல எனக்கு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இனிமே யாருக்கும் அப்படி ஆகக் கூடாதுன்னுதான் ராத்திரி பகலாப் படிச்சேன்."

வழக்கு ஒரே நாளில் முடிந்தது. நீதிபதி குற்றப்பத்திரிகையை ரசித்து வாசித்தார். அப்படி ஒன்று தன் மேசைக்கு வந்து வெகுகாலம் ஆயிற்று என்று கான்ஸ்டபிளைப் பாராட்டினார். ஜைலோசியிடம் சொல்ல ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"ஆட்டை நான் தின்னலைங்கய்யா."

"யாரு தின்னா?"

"வெற்றுத் துறைங்கய்யா."

"அப்ப யாரும் தின்னலைன்னு எழுதிக்கறேன்," என்றார் நீதிபதி. ஒரு வருஷம் போட்டார்.

ஆணையம் அறிக்கை வெளியிட்டது. புகாரிலிருந்து தண்டனைவரை எந்த இடத்திலும் ஒரு சொல்கூடத் தடுக்கி விழாத முதல் வழக்கு இதுதான் என்றும், பொதுமக்கள் ஆங்கில இலக்கணத்தின் பலனை அனுபவிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றும் டாக்டர் கபலமூலா பெருமிதத்தோடு குறிப்பிட்டார். அறிக்கையின் அட்டையில் ஆணையத்தின் பனியன் போட்டிருந்த ஜைலோசியின் படம் இருந்தது. ஏரிக்கரையில் மண்டியிட்டிருந்தபோது எடுத்தது.

நசோம்பே சிறையில் மகன் இருந்த கூடத்திலேயே அப்பனுக்கும் இடம் கிடைத்தது. கூடத்தில் மல்லாந்து படுக்க இடமில்லை. எல்லோரும் ஒருக்களித்து, ஒருவன் முதுகில் ஒருவன் மார்பு ஒட்ட, ஒரே பக்கம் பார்த்துப் படுக்க வேண்டும். வரிசைத் தலைவன் "திரும்பு" என்றால் மொத்த வரிசையும் ஒன்றாகத் திரும்பும்.

"எவ்வளவு போட்டாங்கப்பா?"

"ஒரு வருஷம்."

"குடுத்து வெச்சவங்க நீங்க," என்றான் மசாவுகோ. அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

அந்த வருஷத்தில் பட்ஜெட் வந்தது. அதில் ஏரிக்கரை விடுதிக்குப் பதிலாக மலைமேல் விடுதிக்கு முழுக் கூட்டத்தை மாற்ற முடிவானது. மலைமேல் விடுதியில் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது.

வருஷம் முடிந்த அன்று காவலர் வந்து ஜைலோசியின் பெயரைக் கூப்பிட்டார். ஜைலோசி எழுந்திருக்கவில்லை.

"சார், நான் இங்கயே இருந்துக்கறேன். அவனை விட்டுடுங்க. தலைக்கணக்கு ஒண்ணுதானே?"

"உங்க காகிதம் சுத்தமா இருக்கு. சுத்தமான காகிதத்தை வெச்சுக்கிட்டு உங்களை உள்ள வெச்சா என்னை உள்ள போட்டுடுவாங்க. கிளம்புங்க, வரிசை காத்துக்கிட்டு இருக்கு."

"சார்—"

"போங்கப்பா," என்றான் மசாவுகோ. அவன் எலும்பு எலும்பாகத் தெரிந்தான். "நீங்க எழுந்தாத்தான் நான் காலை நீட்ட முடியும்."

ஜைலோசி எழுந்தார். மசாவுகோ காலை நீட்டிக்கொண்டான். ரொம்ப நாளுக்குப் பிறகு முட்டி நிமிர்ந்ததில் அவனுக்கு வலித்தது. அப்பா வாசலைத் தாண்டுவதை அவன் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்குள் அந்த இடத்துக்கு வேறு ஒருவரைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.